சோனா சொன்ன சாட்சி

விஜயதாசின் மகள் சோனா வாயைத் திறந்தால் வீட்டில் யாராவது எழுந்து போய்விடுவார்கள். வேண்டுமென்று செய்வதல்ல. அடுப்பில் கஞ்சி பொங்கும், அப்பாவுக்குக் கொட்டாவி வரும், டிவியில் செய்தி தொடங்கும். அவள் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். மீதியை யாரும் கேட்டதில்லை. ஒரு பெண் பதினாறு வருஷம் அரை வாக்கியங்களிலேயே வளர்ந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று விஜயதாசும் யோசிக்கவில்லை, அவன் மனைவி ரெத்தினபாயும் யோசிக்கவில்லை. அவன் சிமென்ட் கல் வார்க்கும் களத்தில் முதுகு ஒடிய நிற்பவன். அவள் பாறசாலையில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்து ஆயா. பகல் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வந்து, சொந்தப் பிள்ளையிடம் பேச நாக்கு எழும்பாமல் படுத்துவிடுவாள்.

வீடு பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு மண்பாதையில் இருந்தது. பக்கத்து வீடு கிருஷ்ணன்குட்டியுடையது. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் ஸ்மிதாவும் சோனாவும் தனுவச்சபுரத்தில் ஒரே வகுப்பில் பிளஸ் ஒன் படித்தார்கள். ஸ்மிதா படிப்பில் கெட்டிக்காரி. நர்சிங்குக்குத்தான் போவது என்று எட்டாம் வகுப்பிலேயே தீர்மானித்துவிட்டவள். தீர்மானித்ததை மாற்றுகிற பழக்கமும் இல்லாதவள். சோனாவுக்கு அப்படி எந்தத் தீர்மானமும் கிடையாது. தான் சொல்வதைக் கடைசி வரை கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அது கிடைத்தது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஜெயதாஸ் என்பவர் டைப்பும் டிடிபியும் சொல்லிக்கொடுத்து வந்தார். அந்தக் கோடையில் ஒரு டெலிபோன் லைனை இழுத்து, சில கம்ப்யூட்டர்களைப் பலகைத் தடுப்புக்குள் வைத்து, பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டு, இண்டர்நெட் என்று வாசலில் போர்டு மாட்டினார். சோனா விடுமுறைக்கு டைப் படிக்கப் போனவள். தமிழும் மலையாளமும் பிழையில்லாமல் அடிப்பாள் என்பதால் கல்யாண அழைப்பிதழ் வேலையை ஜெயதாஸ் அவள் தலையில் கட்டினார். அதற்கு ஈடாக, லைன் சும்மா கிடக்கிற நேரத்தில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். நல்ல மனுஷன், கெடுதலாக ஒன்றும் நினைக்கவில்லை.

திரைக்குப் பின்னால் இருந்தது அரட்டை அறை. அங்கே சோனா சோனாவாக இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் டாக்டருக்குப் படிக்கும் ரோஷ்ணியாக இருந்தாள். மலேசியாவில் ஒரு தமிழர், துபாயில் ஒரு மலையாளி, எந்த நாடு என்று சொல்லாத சிலர் என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொண்டு கிடந்தவர்கள் அவள் எழுதுவதற்காகக் காத்திருந்தார்கள். பாதியில் நிறுத்தினால், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பிணத்தை அறுத்தபோது கை நடுங்கியதைச் சொன்னாள், ஹாஸ்டல் வார்டனோடு சண்டை போட்டதைச் சொன்னாள். ஒன்றும் நடந்ததில்லை. எல்லாவற்றையும் அவர்கள் கேட்டார்கள்.

மூன்று நாலு மாதத்தில் பெண் கையைவிட்டுப் போய்விட்டாள். லேபுக்குப் போவதில்லை, ட்யூஷனுக்குப் போவதில்லை. லைன் அறுந்தால் மறுபடி வரும் வரை எழுந்திருக்கமாட்டாள். மழையில் டெலிபோன் கம்பம் சாய்ந்து லைன் செத்துக் கிடந்த நாட்களில் சோறு இறங்காமல் பாயில் சுருண்டு கிடந்தாள். ரெத்தினபாய் காய்ச்சல் என்று நினைத்துச் சுக்கு வெந்நீர் கொடுத்தாள். தினமும் அவளோடு மாடியேறி வந்து, திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டில் தவளையும் கரப்பானும் வரைந்துகொண்டிருப்பாள் ஸ்மிதா. கம்ப்யூட்டர் பக்கம் அவள் திரும்பியும் பார்த்ததில்லை.

"எட்டீ, ஆறரை பஸ் போச்சுன்னா எனக்க அச்சன் என்னைக் கொல்லுவாரு. எழும்பி வா."

"இந்தா வாறேன்."

"இதத்தான் நீ அப்பவும் சொன்னே."

திட்டுவாள், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டாள். தனியாக வந்து சேர்ந்தால் சோனாவை வீட்டில் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒரு கூட்டுக்காரி கிடைக்க எத்தனையோ பேர் தவம் கிடக்க வேண்டும். சோனாவுக்கு அது ஸ்டூல் இருக்கிற மாதிரி ஒரு விஷயம், அவ்வளவுதான்.

ஓணப் பரீட்சையில் சோனா எல்லாப் பாடத்திலும் தோற்றாள். பள்ளிக்கூடத்தில் அழைத்துச் சொன்னார்கள். ரெத்தினபாய் பெண்ணை இழுத்துவைத்து அடித்தாள், அடித்துவிட்டுத் தானும் அழுதாள், பிறகு நேராக சுகிர்தபாய் டீச்சரிடம் போனாள்.

சுகிர்தபாய் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர். ஊரில் எந்தப் பெண்ணுக்கு எது நேர்ந்தாலும் அதில் கர்த்தருக்கு ஒரு திட்டமும் தனக்கு ஒரு வேலையும் இருப்பதாக நம்புகிறவர். அந்த வருஷம் திருவனந்தபுரத்தில், வளரும் பெண்களுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி கொடுப்பது எப்படி என்று ஒரு வகுப்புக்குப் போய், சுருட்டிய சார்ட்டுகளோடு திரும்பியிருந்தார். தன்னை அறிதல், முடிவெடுத்தல், வேண்டாம் என்று மறுத்துச் சொல்லுதல் என்று சார்ட்டுகளில் பெரிய எழுத்தில் இருந்தது. இண்டர்நெட்டில் விழுந்த பெண்களை எடுத்துவிடும் முகாம் என்று சொல்லி, ஓண விடுமுறையில் சபை ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்தார். அவர்களில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்கள் சோனாவும் இன்னொருத்தியும் மட்டும். மற்றவர்களைத் தாய்மார்கள் டிவி பார்க்கிறாள், போனில் பேசுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்று வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிப் பழகினார்கள். சத்தம் போதாது என்று டீச்சர் சொன்னபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதில் ஒரு பிசகு நடந்தது. அந்த நாட்டுப்புறச் சபைக்காரர்களுக்குத்தான் இப்படி ஒரு பிசகு வரும். முகாமின் கடைசியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தங்களுக்கு நடந்ததைத் தங்களுக்குள் பேச வேண்டும், அது வெளியே போகக் கூடாது என்று திருவனந்தபுரத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சரும் தலையாட்டியிருந்தார். ஆனால் தனக்கு நடந்ததை ஒருவர் எழுந்து சொன்னால் அதற்குச் சபையில் பெயர் சாட்சி. சாட்சியை யாராவது கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார்களா? அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. ஆகவே கடைசி நாளில் ஹாலின் கதவுகளைத் திறந்துவைத்து, மைக் வரவழைத்து, சபையாரையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். அதற்கு முந்தின நாள் ஒத்திகை.

"நான் கம்ப்யூட்டர்ல ஆளுவகூடப் பேசினேன். படிப்பு போச்சு. பரீட்சையில தோத்தேன். இப்ப விட்டுட்டேன்" என்றாள் சோனா.

"அவ்வளவுதானா மக்கா?"

"அவ்வளவுதான் டீச்சர்."

"இதக் கேட்டு ஆரு அழுவா? எவ்வளவு ஆழத்துல கிடந்தேன்னு தெரிஞ்சாத்தானே தூக்கிவிட்டவருக்க கையி பலம் தெரியும். நல்லா யோசிச்சுப் பாரு. அந்தப் பயலுவள்ல ஆராவது உன்னை வரச் சொன்னானா?"

"மலேசியாக்காரர் ஒருநாள் கேட்டாரு, நேர்ல பாக்கலாமான்னு."

"ஆங். நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல்ல. லைன் கட்டாயிப்போச்சு."

"மனசுல போணும்னு தோணிச்சா?"

சோனா யோசித்தாள். டீச்சர் முன்னால் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி காத்திருந்தார். நிஜ மனுஷ முகத்தில் அப்படி ஒரு காத்திருப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கொஞ்சம்" என்றாள்.

"அது போரும்" என்றார் டீச்சர்.

மறுநாள் சோனா மைக்கைப் பிடித்தாள். முதலில் சொன்னது அத்தனையும் உண்மை. பெஞ்சில் யாரோ இருமினார்கள், ஒரு கிழவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள், ஒருநாள் பையில் துணி எடுத்துவைத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை போனேன் என்றாள். ஹால் அடங்கியது. தலையில் முக்காடு போட்ட பெண்கள் எல்லோருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியது. கைக்குழந்தையின் வாயைக்கூட யாரோ பொத்தினார்கள். வண்டி வந்து நின்றது, படியில் ஒரு காலை வைத்தேன், என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது, திரும்பினால் யாருமில்லை என்றாள். ஸ்தோத்திரம் என்று ஹால் முழுவதும் முனகியது. ரெத்தினபாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மகள் பேசி முடிக்கும் வரை அவள் எழுந்து போகவில்லை.

அதன் பிறகு சோனா ஜெயதாசின் மாடிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பெண் குணமாகிவிட்டாள் என்று தாய் ஊரெல்லாம் சொன்னாள், டீச்சர் அதைவிட அதிகமாகச் சொன்னார். சாராயக் கடையிலிருந்து கள்ளுக் கடைக்கு மாறியவனை யாரும் குணமாகிவிட்டான் என்று சொல்வதில்லை. இது மட்டும் யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சபை. டீச்சரும் அவளும் பஸ்ஸில் போவார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சபைகளில் மலையாளத்தில் சொன்னாள். மலையாளத்தில் பொய் இன்னும் சரளமாக வந்தது. வாரநாட்களில் பாத்திரம் கழுவும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை ஆனால் ஞாயிறுக்கு நாள் எண்ண ஆரம்பிப்பாள். ஒரு ஞாயிறு மழையால் கூட்டம் நின்றுபோனபோது, அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

திருப்புறத்தில் ஒரு சபையில்தான் அது நடந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவளை முன்பே கேட்டவர்கள். ரயில் வருவதற்குள் ஒருத்தி பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பின்னால் ஒருவர் எழுந்து வெளியே போனார். சோனா மைக்கை இறுக்கிப் பிடித்தாள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொன்னாள்.

"நான் திரும்பி வந்துட்டேன். ஆனா எனக்க கூட்டுக்காரி ஒருத்தி உண்டு. அடுத்த வீடாக்கும். என்கூடப் படிக்கிறவ. அவளையும் நான்தான் அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ அந்த வண்டியில ஏறிட்டா. அவளுக்காக ஜெபிக்க அவ வீட்டுல ஆருமில்ல."

சிரித்தவள் சிரிப்பை விட்டாள். வெளியே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் ஏறினாள், ஓர் ஆளைப் பார்த்தாள், ஒருநாள் கழித்து அழுதுகொண்டே திரும்பி வந்தாள் என்று சோனா முடித்தபோது முன்வரிசைக் கிழவிகள் முழங்காலில் நின்றுவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது டீச்சர் அவள் கையைத் தடவிக்கொண்டே வந்தார். பெயர் சொல்லவில்லையே என்று சோனா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெயர் எதற்கு? அந்த வழியில் அடுத்த வீடு ஒன்றுதான், அந்த வீட்டில் பெண்ணும் ஒன்றுதான்.

விதி என்று சொல்லிவிடலாம், ஆனால் விதியை இழுக்க எனக்கு மனமில்லை. அந்த மாதம் ஸ்மிதாவுக்கு மஞ்சள்காமாலை வந்து, நெய்யாற்றின்கரையில் அவள் தாய்மாமன் வீட்டில் பச்சைமருந்து சாப்பிட்டுக்கொண்டு கிடந்தாள். தாய் சரசம்மா கூட இருந்தாள். நடுவில் ஒருநாள் மட்டும் சரசம்மா கணவனுக்குச் சமைத்து வைக்க ஊருக்கு வந்து போனாள். அந்த ஒருநாள் போதுமாக இருந்தது. பெண் வகுப்புக்கு வரவில்லை, வீட்டிலும் இல்லை, இப்போது முகம் வெளிறித் திரும்பியிருக்கிறாள். சோனா சொன்னதோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

ஆராதனை முடிந்து சாமான் வாங்க வந்த தங்கையன் என்பவர், நல்ல மனதோடுதான், கிருஷ்ணன்குட்டியின் கடையில் சொன்னார்.

"போனது போவட்டும். திரும்பி வந்தாளே, அது பெரிய காரியமாக்கும். நாங்க ஜெபிக்கியோம்."

கிருஷ்ணன்குட்டி தராசில் பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என்ன ஏது என்று விசாரித்தார். கடையைப் பூட்டினார். வீட்டுக்குப் போய்க் குடையால் மகளை அடித்தார், குடைக்கம்பி வளைகிற வரை அடித்தார். அவள் மாமன் வீட்டில் கிடந்தது அவருக்குத் தெரியும். ஆனால் தாய் கூட இல்லாத அந்த ஒருநாள்? சரசம்மாவின் அண்ணன் பெண்டாட்டி ஸ்மிதாவுக்குச் சாதகமாகத்தானே பேசுவாள்? சரசம்மா குறுக்கே விழுந்தபோது அவளுக்கும் விழுந்தது. மறுநாளிலிருந்து ஸ்மிதா பள்ளிக்கூடம் போகவில்லை. கிருஷ்ணன்குட்டி மாப்பிள்ளை தேடி ஆள் அனுப்பினார், மரத்தடி வியாபாரம் செய்யும் பொன்னப்பன் என்பவரிடமிருந்து பதில் வந்தது. முதல் மனைவி இறந்தவர், வயது நாற்பதுக்கு மேல். கேள்விப்பட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பிய பெருந்தன்மைக்காரர். பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்ததும் கல்யாணம், இப்போதைக்கு நிச்சயம் என்று பேச்சு.

சரசம்மா விஜயதாசின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவளுக்குக் கத்தத் தெரியாது.

"மோளே, எனக்க பிள்ளை உனக்கு எந்தா செய்தது?"

சோனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. நடிப்பில்லாத அழுகை.

"அவ எங்கயும் போகல்ல மாமி. நான் சும்மா சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும் மோளே. அவளுக்க அச்சனுக்கு அறியணும். சபையில சொன்னத சபையிலயே மாத்திச் சொல்லணும்னு பறஞ்ஞாரு. மைக்குல, நாலு பேரு கேக்க. சொன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாரு. இல்லேன்னா வியாழாச்ச பொன்னப்பன் வீட்டுக்காரரு வருவாங்க, நிச்சயத்துக்கு."

"சொல்லுதேன் மாமி. ஞாயிறாச்ச நம்ம சபையிலயே சொல்லுதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சரசம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். விஜயதாஸ் களத்துக்குக் கிளம்பினான். ரெத்தினபாய் மகளை முறைத்துப் பார்த்து, "சொல்லித் தொலைச்சிடு மக்கா, பிள்ளை பாவம் நம்மள விடாது" என்றாள். சோனா அன்றைக்கே டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டீச்சர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயிறாச்ச வெளியூர்லேர்ந்து பெரியவங்க வராங்க. நம்ம பயிற்சியப் பாத்து எல்லாச் சபையிலயும் வைக்கலாமான்னு தீர்மானிக்கப் போறாங்க. அடுத்த வாரம் சொன்னா ஆகாதா?"

"வியாழாச்ச நிச்சயம் டீச்சர்."

டீச்சர் நல்லது கெட்டது தெரியாதவர் அல்ல. பெருமூச்சு விட்டு, "பின்ன உனக்க மனசாட்சி சொல்லுத மாதிரி செய்யி" என்றார். மனசாட்சி என்பதும் அவருடைய சார்ட்டில் இருந்த விஷயம்தான். தடுத்தார் என்று அவர்மீது பழி போட்டுவிட முடியாது. யாரும் தடுக்கவில்லை.

சோனா அந்த வாரம் முழுவதும் ஒரே வாக்கியத்தைத் தயார் செய்தாள். என் தோழி எங்கேயும் போகவில்லை, நான் சொன்னது பொய். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஞாயிறன்று விசேஷக் கூட்டம் என்பதால் சந்தியில் தென்னைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். ஹாலில் பேசுவது கிருஷ்ணன்குட்டியின் கடையில் கேட்கும், அவர் வீட்டுப் படியிலும் கேட்கும். அன்று அவர் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சபைக்கு வரும்போது சோனா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஒருதடவை அசைத்தார். அந்த முரட்டு மனுஷன் அவளிடம் கெஞ்சுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மகளை நம்ப அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

"நான் இத்தன நாளும் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஹால் அடங்கியது. அவள் அதுவரை எந்தச் சபையிலும் கேட்டிராத அடக்கம் அது. விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது. வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். டீச்சர் முன்னால் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மிச்சமிருந்தது ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று சோனாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், யாரோ மைக்கை வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு அவள் பேச எழுந்தால் யாராவது எழுந்து போவார்கள். சாகும் வரைக்கும் போவார்கள். அவள் ஸ்மிதாவை நினைக்காமல் இல்லை. நினைத்தாள். அவளுடைய முகம்கூட மனதில் வந்தது. ஆனால் ஹாலில் இருந்த முகங்கள் நிறைய.

"எனக்க கூட்டுக்காரி ஒருநாளுதான் போனான்னு சொன்னேன்" என்றாள் சோனா. "அவ மானத்த நினைச்சு அப்பிடிச் சொன்னேன். அது ஒருநாளு இல்ல."

யாரோ ஒருத்தி ஐயோ ஆண்டவரே என்று விசும்பினாள். சோனா சொல்லிக்கொண்டே போனாள். வாய்க்குள் ஊற்று திறந்ததுபோல வந்தது. ரெத்தினபாய் எழுந்து வெளியே போய்விட்டாள். மற்ற யாரும் அசையவில்லை. முடிந்தபோது வெளியூர்ப் பெரியவர் அவள் தலைமேல் கைவைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். பயிற்சியை எல்லாச் சபைகளிலும் வைப்பதென்று அன்றைக்கே முடிவாயிற்று. அவள் திரும்பி வரும்போது கிருஷ்ணன்குட்டியின் கடை முழுக்கச் சாத்தியிருந்தது.

அன்று சாயங்காலமும் ராத்திரியும் அடுத்த வீட்டிலிருந்து வந்த சத்தத்தைச் சோனா கேட்டாள். விஜயதாஸ் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். ரெத்தினபாய் சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை வழியோரப் பைப்பில் சோனா குடத்தை வைத்துவிட்டு நின்றபோது ஸ்மிதா வந்தாள். கையில் குடம் இல்லை. ஒரு கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியிருந்தது, கீழுதடு பிளந்திருந்தது. அடிக்கத்தான் வருகிறாள் என்று சோனா நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். ஸ்மிதாவிடம் கோபமே இல்லை. அவசரம்தான் இருந்தது. திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"எட்டீ சோனா. அச்சன் கேக்கியாரு. எந்த வண்டி, எங்க இறங்கினே, அவன் ஆரு, எத்தன நாளுன்னு. போகல்லேன்னு சொன்னா அடிக்கியாரு. சரி, போனேன்னு சொன்னா, சொல்லுன்னு அடிக்கியாரு. நான் என்னத்தச் சொல்ல? வாயில வந்தத சொன்னேன். குழாயில கேட்டது வேற, நீ சொல்லுதது வேற, இப்பவும் மறைக்கியான்னு அதுக்கும் அடி."

"நான் வாறேன். உனக்க அச்சன்கிட்ட நானே வந்து சொல்லுதேன்."

"நேத்து சொல்லியிருக்கணும். இப்ப நீ வந்து சொன்னா, நான் உன்னைச் சொல்ல வச்சேன்னு என்னைத்தான் கொல்லுவாரு." ஸ்மிதா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னத முதல்லேர்ந்து எனக்குச் சொல்லித் தா. அதையே சொல்லிடுதேன். ஒண்ணும் விடாம சொல்லு. அம்மை தேடுதுக்குள்ள போணும்."

குடம் நிறைந்து வழிந்தது. சோனா பைப்பை மூடினாள். பிறகு, காலையில் போகிற பாசஞ்சர் வண்டி என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது, பின்னால் இருக்கிற பெண்கள் பெட்டியில் ஏறினாய் என்றாள். ஸ்மிதா பிளந்த உதட்டை அசைத்து ஒவ்வொன்றையும் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். அவளுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. இடையில் ஒருமுறை மட்டும் நிறுத்தி, அந்த ஆள் போட்டிருந்த சட்டை என்ன நிறம், அச்சன் அதையும் கேட்பார் என்றாள். எந்தச் சபையிலும் சோனா அதைச் சொன்னதில்லை. கொஞ்சம் யோசித்து, நீலம் என்றாள்.